“இவன் மறுபடியும் அடிப்பானா?” – சமாதானம் பேசுமுன் கேட்க வேண்டிய கேள்வி

முறைப்பாடு எழுதியாயிற்று. இரண்டு பேரையும் கூப்பிட்டுப் பேசியாயிற்று. “இனி கை வைக்க மாட்டேன்” என்று கணவன் சொல்லியாயிற்று, மனைவியும் தலையாட்டியாயிற்று. சமாதானம் என்று புத்தகத்தில் பதிந்து, இருவரையும் ஒன்றாக வீட்டுக்கு அனுப்பியாயிற்று. குடும்ப வன்முறை முறைப்பாடுகளில் பெரும்பாலானவை இப்படித்தான் முடிகின்றன. இந்த வரிசையில் ஒரு கேள்வி மட்டும் விடுபட்டுப் போகிறது. இவன் மறுபடியும் அடிப்பானா? அடித்தால் இந்த முறையைவிட மோசமாக அடிப்பானா?

அக்கம்பக்கத்துச் சனம் இந்தக் கேள்வியைத் தங்களுக்குள் கேட்டுக்கொள்ளத்தான் செய்கிறது. பொறுப்பில் இருப்பவர்கள்தான் ஒழுங்காகக் கேட்பதில்லை. பொலிஸ் கேட்பது “என்ன நடந்தது” என்று. வைத்தியசாலை கேட்பது “எங்கே காயம்” என்று. ஊர்ப் பெரியவர் கேட்பது “நீ என்ன சொன்னாய், அவர் ஏன் அடித்தார்” என்று. எல்லாக் கேள்வியும் நேற்றைப் பற்றியது. அந்தப் பெண் திரும்பிப் போவதோ நாளைக்கு.

இதை நாம் இந்த முறை யாழ்ப்பாணத் தீவகத்தை வைத்துப் பேசுகிறோம். தேயிலை மலையில் இருக்கும் நமக்கு ஊர்காவற்றுறையும் நெடுந்தீவும் நயினாதீவும் எதற்கு என்று தோழர்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது. அடிபட்ட பெண்ணுக்கும் சட்டத்துக்கும் நடுவே எவ்வளவு தூரம் கிடக்கிறது என்பதைத் தீவகத்தில் கண்ணால் பார்க்கலாம், நடுவில் கடல் இருக்கிறது. நமது தோட்டங்களிலும் அதே தூரம் உண்டு. அது மலையாகவும், லயமாகவும், பேர் விழாமல் போகும் நாளாகவும் கிடப்பதால் கண்ணில் படுவதில்லை.

கடலுக்கு அந்தப் பக்கம்

யாழ் நகரிலிருந்து பண்ணைப் பாலம் வழியாக வேலணைக்கும் ஊர்காவற்றுறைக்கும் தரை வழியே போகலாம். வேலணையிலிருந்து இன்னொரு பாலத்தால் புங்குடுதீவுக்குப் போகலாம். அதன் நுனியில் குறிகட்டுவான் இறங்குதுறை. அதற்கு அப்பால் படகுதான். நயினாதீவுக்குக் கொஞ்ச நேரப் பயணம். நெடுந்தீவுக்கு ஏறத்தாழ ஒரு மணித்தியாலம். சோளகக் காற்று பலத்தால், கடல் கொந்தளித்தால், படகு ஓடாது.

நெடுந்தீவில் பிரதேச செயலகமும் பொலிஸ் நிலையமும் வைத்தியசாலையும் இருக்கின்றன. ஆனால் வழக்கு என்று வந்தால் ஊர்காவற்றுறை நீதவான் முன்தான் போகிறது. நெடுந்தீவுப் பெண் ஒருத்தி காலையில் மாவிலித்துறைக்கு வந்து படகேறி, குறிகட்டுவானில் இறங்கி, பஸ் பிடித்து, வேலணைப் பக்கம் பஸ் மாறி ஊர்காவற்றுறைக்குப் போக வேண்டும். அன்றைக்கே திரும்பவும் வேண்டும்.

இப்போது ஒன்றை யோசித்துப் பாருங்கள். வழக்குத் தவணை இருவருக்கும் ஒரே நாள்தான். படகும் அதேதான். அவள் யாருக்கு எதிராகப் பாதுகாப்புக் கேட்டுப் போகிறாளோ, அவரும் அதே படகில்தான் ஏறுவார், அதே பஸ்ஸில்தான் இருப்பார். தவணை முடிந்து திரும்பும்போதும் அப்படியே. நீதிமன்றத்துக்குள் அவளுக்குப் பாதுகாப்பு உண்டு. போகும் வழியில்? திரும்பி வரும் வழியில், நீதவானிடம் அவள் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு வருகிற மனிதனோடு? இரவில் அடிபட்டவள் அக்கா வீட்டுக்கு ஓடலாம், ஆனால் அக்கா வீடும் அந்தத் தீவில்தான். அவளுக்குப் போகக்கூடிய வீடுகள் எத்தனை என்பது அவனுக்கும் தெரியும்.

ஆகவே தீவகத்தில் ஒரு பெண்ணுக்கு இருக்கும் ஆபத்தை அளப்பதென்றால், கணவனின் குணத்தை மட்டும் பார்த்தால் போதாது. கடைசிப் படகு எத்தனை மணிக்கு, காற்று எப்படி, அவள் கையில் போன் இருக்கிறதா, பணம் இருக்கிறதா, போகக்கூடிய வீடு தீவுக்கு வெளியே ஒன்றாவது உண்டா என்றும் பார்க்க வேண்டும்.

சட்டம் இதை எதிர்பார்க்கிறது

இலங்கையின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டம். பாதிக்கப்பட்டவர் தானாகவோ, அவர் சார்பில் பொலிஸ் உத்தியோகத்தரோ நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். இதற்காகக் கணவன் மேல் குற்ற வழக்குப் போட வேண்டியதில்லை, விவாகரத்தும் கேட்க வேண்டியதில்லை. விசாரணைக்கு முன்பே 14 நாளுக்கு இடைக்காலக் கட்டளை கிடைக்கலாம். பாதுகாப்புக் கட்டளை 12 மாதம் வரை இருக்கலாம். வீட்டுக்குள் வராதே, வேலைத்தலத்துக்குப் போகாதே, அவளோடு தொடர்பு கொள்ளாதே என்று நீதவான் தடுக்கலாம். மீறினால் ஒரு வருடம் வரை சிறை, அல்லது 10,000 ரூபா வரை அபராதம், அல்லது இரண்டும்.

நமக்கு இங்கே முக்கியமானது ஒன்று. இடைக்காலக் கட்டளை கொடுப்பதா இல்லையா என்று தீர்மானிக்கும்போது, விடயம் எவ்வளவு அவசரம், மேலும் வன்முறை நடக்காமல் தடுக்க வேண்டிய தேவை எவ்வளவு என்பதை நீதவான் பார்க்க வேண்டும். அதாவது “மறுபடியும் நடக்குமா” என்ற கேள்வியைச் சட்டமே கேட்கிறது. பதிலை நீதவானுக்கு யார் கொடுப்பது? பொலிஸ் அறிக்கையில் “கன்னத்தில் அறைந்தார்” என்று ஒரு வரி மட்டும் இருந்தால், போன மாதம் அவர் அவளுடைய கழுத்தைப் பிடித்து நெரித்தது நீதவானுக்கு எப்படித் தெரியும்?

இந்தியாவிலும் அதே 2005இல்தான் குடும்ப வன்முறைச் சட்டம் வந்தது. அதன் கீழ் 2006இல் வந்த விதிகளில் “பாதுகாப்புத் திட்டம்” என்று ஒரு படிவம் உண்டு. இது மறுபடியும் நடக்கும் என்று பயப்படுகிறாளா, இதைவிட மோசமாகும் என்று பயப்படுகிறாளா, அதைத் தடுக்க என்ன செய்ய வேண்டும் என்று அந்தப் படிவத்தில் தனித்தனியாக நிரப்ப வேண்டும். அங்கே எல்லா இடத்திலும் ஒழுங்காக நிரப்புகிறார்களா என்பது வேறு கதை. கேள்வி காகிதத்திலாவது இருக்கிறது. தமிழ்நாட்டுப் பெண்ணுக்காகக் கேட்க வேண்டிய கேள்வியை நெடுந்தீவுப் பெண்ணுக்காகவும் நோர்வூட் பெண்ணுக்காகவும் ஏன் கேட்கக் கூடாது?

எதைக் கேட்பது?

மறுபடியும் அடிப்பானா என்பதைச் சாத்திரம் பார்த்துச் சொல்ல முடியாது. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு ஊகிக்கவும் தேவையில்லை. அமெரிக்காவில் ஜாக்குலின் கேம்பல் என்ற தாதி 1980களில் இதற்கென ஒரு கேள்விப் பட்டியலை உருவாக்கினார். கணவனால் கொல்லப்பட்ட பெண்களின் வாழ்க்கையில் கொலைக்கு முன் என்னென்ன நடந்தன என்று அவரும் கூட வேலை செய்தவர்களும் ஆராய்ந்தார்கள். அவருடைய பட்டியலில் இப்போது 20 கேள்விகள் உண்டு. பிரித்தானியாவில் 27 கேள்விகள் கொண்ட பட்டியலைப் பொலிஸ் 2009இல் பயன்படுத்தத் தொடங்கியது. அதற்கு முன்பே, 2003இல் கார்டிஃப் நகரில், அதிக ஆபத்தில் இருக்கும் பெண்களைப் பற்றிப் பொலிஸ், வைத்தியசாலை, வீடமைப்பு அலுவலகம் எல்லாம் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசும் முறை தொடங்கியது.

அந்தப் பட்டியல்களில் உள்ளவற்றை நமது பேச்சில் சொன்னால் இப்படி வரும்:

கழுத்தை நெரித்திருக்கிறாரா, மூச்சை அடைக்கப் பார்த்திருக்கிறாரா?

கொன்றுவிடுவேன் என்றாரா? நீ போனால் நான் செத்துப்போவேன் என்று மிரட்டினாரா?

கத்தி எடுத்தாரா? மண்ணெண்ணெய் ஊற்றுவேன் என்றாரா?

கடந்த ஒரு வருடத்தில் அடி கூடியிருக்கிறதா, அடிக்கும் இடைவெளி குறைந்திருக்கிறதா?

அவரை விட்டுப் போனீர்களா, போகப் போவதாகச் சொன்னீர்களா?

எங்கே போனாலும் சந்தேகமா, போனைப் பறித்துப் பார்க்கிறாரா, பின்னாலேயே வருகிறாரா?

வயிற்றில் பிள்ளை இருந்தபோது அடித்தாரா? விருப்பமில்லாமல் பலாத்காரமாக உறவு கொண்டாரா?

பிள்ளைகளுக்கு ஏதாவது செய்வேன் என்றாரா?

குடி, போதை, வேலை இழப்பு உண்டா? முன்பு கொடுத்த முறைப்பாட்டையோ நீதிமன்றக் கட்டளையையோ மதிக்காமல் நடந்தாரா?

இவற்றில் முதலாவது கேள்வியைத் தோழர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். நம் ஊரில் “கழுத்தைப் பிடித்தார்” என்பதைத் தள்ளுமுள்ளு போலச் சொல்லிவிட்டுப் போகிறோம். 2008இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றின்படி, முன்பு கழுத்து நெரிக்கப்பட்ட பெண் பின்னர் அதே ஆணால் கொல்லப்படும் வாய்ப்பு ஏழு மடங்குக்கு மேல். வெளியே காயம் தெரியாமலே உள்ளே பாதிப்பு இருக்கலாம். ஆகவே “காயம் இல்லையே” என்று அனுப்புவது பெரிய பிழை. அப்படிச் சொன்ன பெண்ணை அன்றைக்கே வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

ஐந்தாவது கேள்வியும் அப்படித்தான். “விட்டுட்டு வந்துடு, பிரச்சினை தீர்ந்துடும்” என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் அவள் வெளியேறும் நேரமும், வெளியேறிய பிந்திய நாட்களும்தான் மிகவும் ஆபத்தான நேரம். வெளியேறக் கூடாது என்பதல்ல இதன் அர்த்தம். எங்கே போவது, யார் கூட்டிப் போவது, அவருக்கு எப்போது தெரிய வரும் என்று திட்டம் போட்ட பிறகே வெளியேற வேண்டும்.

கேம்பலின் முறையில் கேள்விகளுக்கு முன் ஒரு வேலை உண்டு. ஒரு நாட்காட்டியைக் கொடுத்து, கடந்த வருடத்தில் அடிவாங்கிய நாட்களை அந்தப் பெண்ணையே குறிக்கச் சொல்வார்கள். “எப்பவாவது கோபம் வந்தா அடிப்பார்” என்று சொன்ன பெண், குறித்து முடித்துப் பார்க்கும்போது தானே திடுக்கிட்டுப் போவாள். நம் தோட்டங்களில் இதற்கு இன்னொரு சாட்சியும் இருக்கிறது. செக்ரோலில் அவளுக்குப் பேர் விழாத நாட்களைப் பாருங்கள். காய்ச்சல் என்று சொன்ன நாட்களில் எத்தனை நாள் முகம் வீங்கிய நாள் என்பது அவளுக்குத் தெரியும். அவள் சம்மதித்தால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

அவள் சொல்வதை எப்படி எடுப்பது?

இங்கே இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. “என்னை இந்த முறை கொன்றே போடுவார்” என்று ஒரு பெண் சொன்னால், மிகைப்படுத்துகிறாள் என்று எடுக்கிறோம். “பரவாயில்லை, இனி அடிக்க மாட்டார்” என்று சொன்னால் உடனே நம்பிவிடுகிறோம். இது அப்படியே தலைகீழ். பயமாக இருக்கிறது என்று அவள் சொன்னால் நம்ப வேண்டும், அந்த மனிதனை அவளைவிட அறிந்தவர் யாரும் இல்லை. பயமில்லை என்று சொன்னால், அதற்குப் பிறகும் கேள்விகளைக் கேட்க வேண்டும். கணவனால் கொல்லப்பட்ட, அல்லது மயிரிழையில் தப்பிய பெண்களைப் பற்றிய அமெரிக்க ஆய்வில், ஏறத்தாழ பாதிப் பேர் தங்கள் உயிருக்கு ஆபத்து என்பதை உணர்ந்திருக்கவில்லை.

அதோடு “பரவாயில்லை” என்ற சொல்லை அவள் எங்கே நின்று சொல்கிறாள் என்றும் பார்க்க வேண்டும். மாமியார் பக்கத்தில், மச்சான் வாசலில், பொலிஸ்காரர் மேசைக்கு அந்தப் பக்கம். இப்படி இருந்தால் எந்தப் பெண்ணும் பரவாயில்லை என்றுதான் சொல்வாள். தனியாக, ஒரு பெண் கேட்க வேண்டும். தமிழில் கேட்டு, தமிழில் எழுத வேண்டும். நடுவில் பிள்ளையை வைத்து மொழிபெயர்க்கக் கூடாது. எழுதிய தாள் ஊர் பார்க்கும் கோப்பில் கிடக்கக் கூடாது. எல்லாருக்கும் எல்லாரையும் தெரிந்த ஒரு சின்னத் தீவில், அவள் காலையில் சொன்னது மத்தியானம் அவன் காதுக்குப் போனால், நாம் கேட்ட கேள்வியே அன்றிரவு அடிக்குக் காரணமாகிவிடும். லயத்திலும் அப்படியே.

ஒரு தடவை கேட்டதோடு முடிவதுமில்லை. ஆபத்து நிலைமைக்கு ஏற்ப ஏறி இறங்கும். நீதிமன்ற அழைப்பாணை அவர் கையில் கிடைக்கும் நாள், வேலை போகும் நாள், தீபாவளி முற்பணம் கையில் வரும் நாள், 12 மாதக் கட்டளை முடியும் நாள், இந்த நாட்களிலெல்லாம் மறுபடியும் கேட்க வேண்டும்.

எதிர்க்கேள்விகள்

“வெளிநாட்டுப் பட்டியல் நமக்குப் பொருந்துமா?” முழுவதும் பொருந்தாது. அங்கே துப்பாக்கியைக் கேட்கிறார்கள். இங்கே கவ்வாத்துக் கத்தியையும் மண்ணெண்ணெய்ப் போத்தலையும் கேட்க வேண்டும். அங்கே இல்லாத கேள்வி நெடுந்தீவில் உண்டு: நாளைக்குப் படகு ஓடுமா? தோட்டத்தில் உண்டு: வீடு யாருடைய பேரில்? பட்டியலை நமது பெண்களோடு உட்கார்ந்து திருத்தி எழுதலாம்.

“பட்டியலைக் காட்டி ஒருவனைக் குற்றவாளி ஆக்கலாமா?” ஆக்கக் கூடாது. குற்றத்தைத் தீர்மானிப்பது நீதிமன்றம். பட்டியல் தீர்மானிப்பது அவளுக்கு இன்றிரவு எவ்வளவு பாதுகாப்புத் தேவை என்பதை மட்டும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பட்டியலில் “ஆம்” குறைவாக இருந்தால் ஆபத்தே இல்லை என்று அர்த்தமில்லை. “உனக்குப் புள்ளி போதாது, போய்வா” என்று அனுப்புவதற்கு இது பரீட்சை அல்ல.

“குடும்பத்தைப் பிரிக்கிறீர்கள்.” சேர்ந்து வாழ்வதா பிரிவதா என்பது அவளுடைய முடிவு. உயிரோடு இருந்தால்தான் அந்த முடிவையும் எடுக்கலாம். சமாதானம் பேசுவதை நாம் எதிர்க்கவில்லை. ஆபத்து எவ்வளவு என்று பார்க்காமல் பேசும் சமாதானத்தை எதிர்க்கிறோம். கழுத்தை நெரித்தவனையும் நெரிபட்டவளையும் ஒரே வாங்கில் உட்கார வைத்துக் கை குலுக்கச் சொல்வதற்குச் சமாதானம் என்று பேர் கிடையாது.

கடைசியாக, நமக்குள்ளேயே முணுமுணுக்கும் கேள்வி: “அடித்தவரும் சந்தா கட்டும் உறுப்பினர்தானே?” ஆம். கொழுந்து எடுத்து, அதே சந்தாவைக் கட்டும் அவளும் உறுப்பினர்தான். அவருடைய வேலை பறிபோகாமல் காக்கச் சங்கம் போராடலாம். அவருடைய கையைக் காக்கச் சங்கம் இல்லை.

சங்கத்தின் வேலை

2019 ஆய்வில் தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் கண்டபடி, இலங்கையில் துணைவரோடு வாழ்ந்த பெண்களில் ஐந்தில் ஒருவர் வாழ்நாளில் அவரிடமிருந்து உடல் அல்லது பாலியல் வன்முறையைச் சந்தித்திருக்கிறார். ஐம்பது பெண்கள் கொழுந்து எடுக்கும் மலையில் அது எத்தனை பேர் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

அதே 2019இல் சர்வதேசத் தொழில் அமைப்பு 190ஆம் இலக்கச் சமவாயத்தையும் 206ஆம் இலக்கப் பரிந்துரையையும் நிறைவேற்றியது. குடும்ப வன்முறைக்கு ஆளானவருக்கு லீவு, வேலை நேரத்தில் நெகிழ்வு, வேலைநீக்கத்திலிருந்து தற்காலிகப் பாதுகாப்பு, வேலைத்தல ஆபத்து மதிப்பீட்டில் குடும்ப வன்முறையையும் சேர்ப்பது என்பவற்றையெல்லாம் அந்தப் பரிந்துரை சொல்கிறது. ஆகவே இது தொழிற்சங்கத்துக்கு வெளியே உள்ள விடயம் என்று இனி யாரும் சொல்ல முடியாது. மருந்து அடிக்கும்போது கையுறை கேட்கிறோம், குளவிக்கூட்டைப் பற்றி முறையிடுகிறோம். கணவன் மலைக்கு வந்து அவளை இழுத்துப் போவதும் வேலைத்தல ஆபத்துத்தான்.

நாம் உடனே செய்யக்கூடியவை சில. ஒவ்வொரு டிவிசனிலும் மாதர் தலைவிகளில் இருவரையாவது இந்தக் கேள்விகளைக் கேட்கப் பழக்க வேண்டும். கழுத்து நெரிப்பு, கொலை மிரட்டல், ஆயுதம் ஆகிய மூன்றில் ஒன்று இருந்தாலும் தோட்டத் தலைவர் சமாதானம் பேசக் கூடாது, பொலிஸுக்கும் நீதிமன்றத்துக்கும் அந்தப் பெண்ணோடு துணைக்குப் போக வேண்டும் என்று விதி வைக்க வேண்டும். நீதிமன்றத் தவணை நாளுக்கு அவளுக்குப் பேர் போட வேண்டும், தேவைப்பட்டால் வேறு லயத்தில் அறை கொடுக்க வேண்டும் என்று நிர்வாகத்திடம் கோர வேண்டும். பொலிஸின் பெண்கள் சிறுவர் பிரிவு, பிரதேச செயலகத்தின் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர், வைத்தியசாலைகளில் இயங்கும் நட்பு நிலையம் ஆகியவற்றோடு முன்கூட்டியே தொடர்பு வைத்திருக்க வேண்டும். பெண்களுக்கான உதவித் தொலைபேசி 1938, பொலிஸ் அவசர அழைப்பு 119 ஆகிய இரண்டும் பிள்ளை மடுவச் சுவரிலும் கொழுந்து நிறுக்கும் இடத்திலும் எழுதப்பட வேண்டும்.

தீவகத்தில் இந்த இடத்தில் நிற்பவை கடற்றொழிலாளர் சங்கங்களும் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்களும். அவர்களுக்கும் நாம் சொல்வது இதுவே. கூடுதலாக ஒன்று: தவணை நாளில் அவள் தனியாகப் படகேறக் கூடாது. ஊர்ச் சங்கத்துப் பெண்கள் இரண்டு பேர் கூடப் போக வேண்டும், கூட வர வேண்டும். அதற்குச் சட்டத் திருத்தம் தேவையில்லை, வெளிநாட்டுப் பணம் தேவையில்லை, இரண்டு டிக்கெட் போதும்.

அடுத்த முறை ஒரு பெண் வீங்கிய முகத்தோடு சங்கக் காரியாலயத்துக்கு வரும்போது, “என்ன நடந்தது” என்று கேளுங்கள். அதோடு நிறுத்தாமல், “இன்றைக்கு வீட்டுக்குப் போனால் என்ன நடக்கும்” என்றும் கேளுங்கள். அவள் பதில் சொல்லி முடிக்கும் வரை யாரும் சமாதானம் என்ற சொல்லை எடுக்க வேண்டாம்.